இருப்புச்சட்டியும் என் காலும்

சமையலுக்கு ஐந்துக்கு நாலரை, காலுக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஒரே சட்டிக்கு எதற்கு இரண்டு மதிப்பெண் என்று கேட்பீர்கள். இதை நான் சமையலுக்காக வாங்கவில்லை. ராத்திரியில் என் கால் தானாக உதைப்பது நிற்கட்டும் என்று வாங்கினேன்.

மதுரையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிபாரம். வயது 46. மிதி மிஷின்தான், மோட்டார் போடவில்லை. அதனால் கால் உதைக்கத் தொடங்கியபோது வீட்டுக்காரர் சொன்ன முதல் விளக்கம், "பகல் பூரா மிதிச்ச கால், தூக்கத்துலயும் பிளவுஸ் தைக்குது" என்பது. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விடிகாலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு ராத்திரி, கால்மாட்டில் இருந்த தண்ணீர்ச் சொம்பை நான் உதைத்ததில் அது உருண்டு போய் கதவில் மோதி, பாய் முழுக்க நனைந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு, சொம்பையும் எடுத்துக்கொண்டு, முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டார்.

எனக்கு உதைப்பது தெரியாது. தூங்கிக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முந்தைய கட்டம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்தாலோ படுத்தாலோ ஆடுசதைக்குள் ஒரு குடைச்சல். வலி என்று சொல்ல முடியாது, அரிப்பும் இல்லை. எலும்புக்கும் சதைக்கும் நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி. எழுந்து நாலு நடை நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப வந்துவிடும். என் அம்மா இதைக் "கால் குடைச்சல்" என்பாள். தைலம் தேய்த்து, காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுப்பாள். அவளுக்கும் இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வைத்தியம் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி" என்று, எந்த டெஸ்டும் எடுக்காமல் பி12 ஊசி பத்து போட்டார்கள். இன்னொரு இடத்தில், தூக்கம் வரட்டும் என்று சளிக்குக் கொடுக்கிற, மயக்கம் தரும் மாத்திரையைக் கொடுத்தார்கள். அதைப் போட்ட ராத்திரிகளில் கால் இன்னும் மோசம். அந்த வகை அலர்ஜி மாத்திரைகள் இந்தக் கோளாறை அதிகமாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதாகப் பார்த்த நரம்பு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு நாலே கேள்வி கேட்டார். காலை அசைக்க வேண்டும் போல அடக்க முடியாத உந்துதல் வருகிறதா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? சாயங்காலமும் ராத்திரியும் அதிகமா? நாலுக்கும் ஆமாம். "வீட்ல யாராவது ராத்திரி உதைக்கிறதப் பாத்திருக்காங்களா?" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் கொடுத்த சாட்சியை டாக்டரே ரசித்துக் கேட்டார். மனிதர் ஒரு நாள் தூக்கம் வராமல் செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு எண்ணியிருக்கிறார். எனக்கே அங்கேதான் தெரியும். "மொதல்ல கட்டை விரல் மேல தூக்கும் சார். அப்புறம் பாதம் மடங்கும். அப்புறம் முட்டியோட ஒரு வெட்டு. ரெண்டு செகண்டுதான். அப்புறம் சும்மா கிடக்கும். சரியா இருபத்தஞ்சு, முப்பது செகண்டு கழிச்சுத் திரும்ப கட்டை விரல்." டாக்டர் தலையாட்டினார். பாடப்புத்தகத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதானாம். பெரும்பாலும் 20 முதல் 40 நொடிக்கு ஒரு தடவை வரும் என்றார். விழித்திருக்கும்போது குடைச்சல் இருக்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேராவது தூக்கத்தில் இப்படி உதைக்கிறார்களாம். இந்தக் குடைச்சல் நோய்க்குப் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம், அதாவது சும்மா இருக்க முடியாத கால்கள். என் மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள்: தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1672இலேயே இதை எழுதி வைத்திருக்கிறாராம். 1945இல் எக்போம் என்ற ஸ்வீடன் டாக்டர் பெயர் வைத்திருக்கிறார். மதுரை கிளினிக்குகளுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போல.

டாக்டர் எழுதிக்கொடுத்தது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவு அது. 650 ரூபாய். ஹீமோகுளோபின் 11.8, கொஞ்சம்தான் குறைவு. அதை மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஃபெரிட்டின் 11. இந்தக் கால் நோய் இருக்கிறவர்களுக்கு 75க்கு மேல் இருந்தால் நல்லது என்றார். கையில் செலவுக்குக் காசு இருக்கிறது, பேங்க் கணக்கு காலி, அதுதான் என் நிலைமை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் தயாராவதற்கு இரும்பு வேண்டும், அங்கே இரும்பு குறைந்தால் கால் இப்படிச் சேட்டை பண்ணும் என்று விளக்கினார். மூன்று வருடமாக எனக்கு மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது. அதை மகப்பேறு டாக்டரிடம் தனியாகப் பார்க்கச் சொன்னார், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். எனக்கு அது ஆகாது. இரண்டு பிரசவத்திலும் அந்த மாத்திரையால் மலச்சிக்கலில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தச் சமயம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. இருப்புச்சட்டியில் சமைத்தால் மாத்திரையே வேண்டாம், உடம்பில் இரும்பு தானாக ஏறும் என்று ஓர் அம்மா அடித்துச் சொன்னார். மாத்திரைச் சீட்டை மடித்து நூல்கண்டு டப்பாவில் வைத்தேன்.

முதலில் வாங்கியது ஆன்லைனில். வார்ப்பிரும்பு, பழக்கியே அனுப்புகிறோம் என்று போட்டிருந்தார்கள். 1,850 ரூபாய். கழுவிய முதல் நாளே கருப்பாக ஏதோ செதில் செதிலாகப் பிய்ந்து கரண்டியில் ஒட்டியது. திருப்பி அனுப்பிவிட்டேன். பணம் வர பன்னிரண்டு நாள் ஆனது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் இருப்பது சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வைகைக் கரையோரம் வாங்கியது. தார்ப்பாய் விரித்து அரிவாள், அரிவாள்மனை, தோசைக்கல் எல்லாம் போட்டிருந்த ஒரு கொல்லரிடம். வார்ப்பு இல்லை, தகட்டை அடித்துக் குழித்த சட்டி. பத்து அங்குலம். எங்கள் தெரு பழைய பேப்பர்க்காரர் தராசில் போட்டுப் பார்த்தேன், 1 கிலோ 700. விலை 550 சொன்னார், 450க்கு முடிந்தது. உள்ளே சுத்தியல் பட்ட தழும்பு தாமரை இதழ் மாதிரி வரிசையாகத் தெரியும். இரண்டு பக்கமும் காது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி. "பழக்குறதுக்குப் பொறுமை இருக்கா? இல்லேன்னா வாங்காதீங்க" என்று விற்கிறவரே சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது.

பழக்கிய விதம்: முதல் நாள் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மேலே இருந்த இயந்திர எண்ணெயை எடுத்தேன். அடுத்த மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கொட்டிக் கழுவினேன். முதல் நாள் கஞ்சி செங்கல் பொடி கரைத்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் லேசான பழுப்பு. அப்புறம் அடுப்பில் வைத்து நல்லெண்ணெய் தடவிப் புகைய விட்டு, ஆறவிட்டு, திரும்பத் தடவி, இப்படி நாலு தடவை. கடைசியில் இரண்டு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கருக வதக்கிக் கொட்டினேன். ஆறாம் நாள் முட்டைப் பொரியல் ஒட்டாமல் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை அளவு எடுக்க என்னிடம் டேப் இல்லை.

சமையலில் இதற்கு நான் குறை சொல்ல மாட்டேன். உருளைக்கிழங்கு ரோஸ்ட் நான்ஸ்டிக்கில் வராத முறுகலோடு வரும். முருங்கைக்கீரை பொரியல், சுண்டைக்காய் வதக்கல், கறி சுக்கா எல்லாவற்றிலும் கைப்பக்குவம் தெரியும். சூடு ஏற நேரம் எடுக்கும், ஏறிவிட்டால் அடுப்பைச் சிம்மில் வைத்தாலே போதும். கேஸ் மிச்சம். அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், நாலாவது மாதம் ஒரு காதில் ஆணி ஆடியது. தெருவில் வந்த சாணை பிடிக்கிறவர் 30 ரூபாய்க்கு அடித்து இறுக்கிக் கொடுத்தார். இன்னொன்று, கழுவி உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் காலை துருப் பிடித்துவிடும். அவசரக்காரர்கள் வீட்டுக்கு ஆகாது.

சரி, காலுக்கு வருவோம்.

இரண்டு மாதம் மாத்திரை இல்லாமல் சட்டியை மட்டும் நம்பினேன். பொரியல், கீரை, வாரம் மூன்று நாள் புளிக்குழம்பு, எல்லாம் இதில்தான். கால் குடைச்சலும் உதையும் அப்படியே. சரி, இன்னொரு 650 போகட்டும் என்று மறுபடி டெஸ்ட் எடுத்தேன். ஃபெரிட்டின் 12. பதினொன்று பன்னிரண்டாகியிருந்தது! மகள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ம்மா, இந்தக் கணக்குல போனா எழுபத்தஞ்சுக்கு நீ பத்து வருஷம் குழம்பு வைக்கணும்" என்றாள்.

இருப்புச்சட்டியில் சமைத்தால் சோற்றில் இரும்பு ஏறும் என்பது பொய் இல்லை. எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்தபோது, அலுமினியப் பாத்திரத்தில் சாப்பிட்ட குழந்தைகளைவிட ரத்தசோகை குறைந்தது என்று 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருப்பதை மகள் காட்டினாள். ஆனால் எது எவ்வளவு ஏறும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புளிப்பும் தண்ணீரும் இருந்து, நேரம் எடுத்துக் கொதித்தால் நிறைய இறங்கும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி. தோசையும் வறுவலும் கொஞ்ச நேரம்தான் ஒட்டியிருக்கின்றன, நடுவில் எண்ணெய் வேறு. சட்டி நன்றாகப் பழகிய பிறகு எண்ணெய்ப் படலம் கெட்டியாகி இரும்பு இறங்குவது இன்னும் குறையும். அதாவது நான் எந்த வழவழப்புக்காக அவ்வளவு பாடுபட்டேனோ, அதுவே குறுக்கே நின்றது.

அதைவிடப் பெரிய குறுக்கீடு என் கையிலேயே இருந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகக் கண்டுபிடித்தேன்.

பால் காய்ச்சுகிற பாத்திரம் எல்லாம் கழுவப் போட்டிருந்தது. டீத்தூள் கொதிக்க வைக்க வேறு எதுவும் கிடைக்காமல், பழக்கிய இந்தச் சட்டியிலேயே தண்ணீர் ஊற்றித் தூளைப் போட்டேன். இரண்டு கொதி வந்ததும் டீத்தண்ணி கருத்தது. கடும் டீயின் செங்கருப்பு இல்லை. பேனா மை மாதிரி நீலம் ஓடிய கருப்பு. கரண்டியில் எடுத்து வெள்ளைத் துணித் துண்டில் ஒரு சொட்டு விட்டேன். நிஜமாகவே மைக்கறை.

துணியோடு புழங்குகிற எனக்கு அந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு போடுகிறவர்கள் துணியை முதலில் கடுக்காயில் ஊற வைப்பார்கள். அப்புறம் துருப் பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த தண்ணீரைத் தொட்டு வரைவார்கள். கடுக்காயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கருப்பு ஏறும். ஏறினால் போகாது. டீயிலும் இருப்பது அதே துவர்ப்பு. வாழைப்பூவும் வாழைக்காயும் கத்தரிக்காயும் இந்தச் சட்டியில் கறுத்துப் போவதும் இதனால்தான். அன்றைக்கு வரைக்கும் அது பாத்திரத்தின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் என் வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? காலையில் இட்லியோடு ஒரு டீ. பதினொரு மணிக்கு ஒன்று. மத்தியானம் கீரைச்சோறு சாப்பிட்டுக் கை காயும் முன்னே ஒன்று. மூன்றரைக்கு, ஆறுக்கு, ராத்திரி இட்லியோடு மறுபடி. தையல்காரிக்கு டீதானே பெட்ரோல். சட்டியிலிருந்தும் கீரையிலிருந்தும் வந்த கொஞ்சநஞ்ச இரும்பையும் டீ பிடித்துக்கொண்டு, உடம்பு எடுக்க முடியாதபடி ஆக்கியிருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் காய்கறி, கீரை, பருப்பில் இருக்கிற இரும்பு சேர்வது பாதிக்கும் மேல் குறைந்துவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் முதல் நாளே கூடச் சொல்லியிருக்கலாம். சொல்லியும் நான் காதில் வாங்காமல் இருந்திருக்கலாம், அதற்கும் வாய்ப்பு உண்டு.

நூல்கண்டு டப்பாவிலிருந்து சீட்டை எடுத்தேன். டாக்டரிடம் மலச்சிக்கல் பயத்தைச் சொன்னதும் அவர் சண்டை போடவில்லை. தினமும் வேண்டாம், ஒன்றுவிட்ட நாள் ஒரு மாத்திரை போடுங்கள் என்றார். தினமும் போட்டால் உடம்பு அடுத்த நாள் கதவைச் சாத்திக்கொள்ளும், ஒரு நாள் விட்டுப் போட்டால் போட்டது நன்றாகச் சேரும் என்றார். காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சம்பழச் சாற்றோடு. மலம் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி வைத்தார், நல்ல வேளை. டீயை ஆறிலிருந்து இரண்டாக்கினேன். இரண்டும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி. சாயங்காலம் நாலரைக்கு மேல் கிடையாது, அது தூக்கத்தையும் கெடுக்கும், காலையும் கிளறும் என்பதால். முதல் பத்து நாள் தலைவலி. பிளவுஸ் ஒன்றுக்கு இடதுகையும் வலதுகையும் மாற்றித் தைத்தேன். தைக்கக் கொடுத்த அக்கா நல்லவர், சத்தம் போடவில்லை.

கீரைச்சோற்றுக்கு ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன், இல்லாவிட்டால் நெல்லிக்காய்த் துவையல். புளிக்குழம்பு இன்னமும் சட்டியில்தான், ஆனால் இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். ஒரு தடவை ராத்திரி அதிலேயே விட்டு, காலையில் குழம்பு கறுத்துப் போய், நாக்கில் ஆணியைச் சப்பின ருசி. கொட்ட வேண்டியதாயிற்று.

ஆறாவது வாரம் குடைச்சல் குறைந்தது. ஒரேயடியாக இல்லை. முதலில் வாரத்தில் ஒரு ராத்திரி நிம்மதி, அப்புறம் மூன்று, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டின் 41. போன வாரம் எடுத்தது 73. இதில் சட்டியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் கொஞ்சம்தான். அதனால்தான் ஒன்றரை. அந்த ஒன்றரையிலும் ஒன்று, டீத்தண்ணியைக் கருப்பாக்கிக் காட்டியதற்கு.

கால் உதைக்கிறது என்று இந்தச் சட்டியை வாங்கப் போகிறவர்கள் முதலில் 650 ரூபாயை லேபில் கொடுங்கள். இரும்பு குறையாமலும் இந்த நோய் வரும், சிறுநீரகக் கோளாறிலும் கர்ப்பத்திலும் வரும், பரம்பரையாகவும் வரும். டெஸ்ட் எடுக்காமல் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரும்பு அதிகமானாலும் ஈரலுக்கு ஆகாது. சட்டியை உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்காக வாங்குங்கள், மனசார வாங்கலாம். அடுத்த சித்திரைக்கு அந்தக் கொல்லர் அதே இடத்தில் வந்தால் தோசைக்கல்லும் ஒன்று எடுக்கப் போகிறேன்.

வீட்டுக்காரர் போன மாதம் பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "படுத்ததும் தூங்கிட்டேன்" என்றார். சொம்பை மட்டும் இன்னும் அவர் தலைமாட்டில்தான் வைத்துக்கொள்கிறார்.